எடுப்பமா, பொறுப்பமா?

வட்ஸ்அப் குழுவில் ஒரு இசை நிகழ்ச்சிப் போஸ்டர் வந்து விழுந்தால் அஞ்சு நிமிசத்துக்குள் அந்தக் கேள்வியும் வந்துவிடும். "மச்சான், ஏர்லி பேர்ட் வெள்ளிக்கிழமை வரைக்கும்தானாம். இப்பவே எடுப்பமா, பொறுத்துப் பாப்பமா?" உடனே குழு இரண்டாகப் பிரியும். "முடிஞ்சிடும், பிறகு அழக்கூடாது" என்று ஒரு கட்சி. "எங்கட ஊரில எந்த ஷோவுக்கு டிக்கெட் முடிஞ்சது? கடைசி நாளில பாஸே கிடைக்கும்" என்று மற்றக் கட்சி. இரண்டு கட்சியும் ஒரே விசயத்தைப் பற்றித்தான் சண்டை பிடிக்குது: டிக்கெட் தீருமா, தீராதா? அதைவிட முக்கியமான ஒரு கேள்வியை ஆரும் கேட்பதில்லை. நிகழ்ச்சி நடக்கும் நாள் வரைக்கும் என்ர காசு ஆரின்ர கையில இருக்கப் போகுது?

எங்கட அம்மாமாருக்கு இந்தக் கேள்வி புதிசில்லை. சீட்டுக்குச் சேரச் சொல்லி ஆராவது வந்தால், எவ்வளவு கழிவு போகும் என்பதெல்லாம் அவர்களுக்கு இரண்டாம் பட்சம். முதலில் "ஆர் பிடிக்கிறது?" என்றுதான் கேட்பார்கள். தெரிஞ்ச ஆளா, நிலையா இருக்கிற ஆளா, போன முறை கட்டினவைக்கு ஒழுங்காகக் குடுத்தவவா என்று நாலு பேரிடம் விசாரிப்பார்கள். அதுக்குப் பிறகுதான் காசு கையை விட்டுப் போகும்.

ஏர்லி பேர்ட் டிக்கெட்டும் கிட்டத்தட்ட ஒரு சீட்டுத்தான். 6,000 ரூபா டிக்கெட்டை மூன்று மாதத்துக்கு முதல் 4,500க்குத் தருகிறார்கள் என்று வைப்போம். அந்த 4,500 சும்மா ஒரு லாச்சிக்குள் கிடப்பதில்லை. பாடகருக்கு முற்பணம், மண்டபத்துக்கு முற்பணம், ஒலி ஒளிக்காரருக்கு முற்பணம், பேஸ்புக் விளம்பரம் என்று அடுத்த கிழமையே போய்விடும். அந்த 1,500 ரூபா கழிவை நான் வட்டியாகத்தான் பார்க்கிறேன். நீங்கள் ஏற்பாட்டாளருக்கு மூன்று மாதக் கடன் கொடுக்கிறீர்கள், அவர் உங்களுக்கு வட்டியை முன்னுக்கே கழித்துத் தருகிறார். கடன் குடுக்கிறது பிழையில்லை. கடன் குடுக்கிறோம் என்று தெரியாமல் குடுக்கிறதுதான் பிரச்சினை.

லண்டனில் இருக்கும் மச்சாள், கனடாவில் இருக்கும் அண்ணா எல்லாரும் சொல்வது "முதல் நாளே எடுத்திடு" என்றுதான். அவர்களின் ஊருக்கு அது சரி. 2022 நவம்பரில் டெய்லர் ஸ்விஃப்டின் முன்விற்பனை தொடங்கிய நாளிலேயே டிக்கெட்மாஸ்டர் தளம் திணறியது. பிறகு வர இருந்த பொது விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். 2024 ஓகஸ்ட் 31ஆம் திகதி ஒயேசிஸ் குழுவின் டிக்கெட்டுக்காகப் பிரித்தானியாவில் மணிக்கணக்காக இணைய வரிசையில் நின்றவர்கள், தங்கள் முறை வந்தபோது விலை இரண்டு மடங்குக்கும் மேலே ஏறியிருந்ததைக் கண்டார்கள். கேள்வி கூடக் கூட விலையும் ஏறுகிற முறை அது. அங்கே பொறுத்திருப்பது உண்மையாகவே இழப்பு.

ஆனால் அந்த மாதிரிப் பெரிய சந்தையிலும் முதல் நாளோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. கோல்ட்பிளே குழு 2025 ஜனவரி 18, 19 இரண்டு நாட்கள் மும்பையில் பாடுவதாக அறிவித்தபோது, 2024 செப்டெம்பர் 22இல் புக்மைஷோ தளத்தை நோக்கி இந்தியாவே ஓடியது. கிடைக்காதவர்கள் அழாத குறை. நடந்தது என்ன? 21ஆம் திகதி மூன்றாவது நிகழ்ச்சி சேர்க்கப்பட்டது. அதற்குப் பிறகு அகமதாபாத்தில், இலட்சம் பேருக்கு மேல் கொள்ளும் நரேந்திர மோடி மைதானத்தில், இன்னும் இரண்டு நாட்கள். சனம் அவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் ஏற்பாட்டாளர் அதை விட்டுவிட்டுப் போகமாட்டார். "இதுதான் கடைசிச் சந்தர்ப்பம்" என்று போஸ்டர் சொன்னால், அது விற்கிறவரின் பேச்சு என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, முந்தி வாங்கினால் ஒரு இடமாவது உறுதியா? அதுவும் இல்லை. சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' முதலில் 2023 ஓகஸ்ட் 12இல் நடப்பதாக இருந்தது. மழையால் தள்ளிப்போய் செப்டெம்பர் 10இல் பனையூரில் நடந்தது. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் உள்ளே போகவே முடியாமல் திரும்பினார்கள். வாகன நெரிசல், கூட்ட நெரிசல், பெண்கள், பிள்ளைகளுடன் வந்தவர்கள் பட்ட பாடு எல்லாம் அன்றிரவே இணையம் முழுக்க வந்தது. உள்ளே வரமுடியாதவர்கள் டிக்கெட்டின் பிரதியை அனுப்பும்படி அடுத்த நாள் ரகுமானே கேட்க வேண்டி வந்தது. அந்த வாசலில் முதல் நாள் வாங்கியவருக்கும் கடைசி நாள் வாங்கியவருக்கும் ஒரே நிலைமைதான்.

இதெல்லாம் இந்தியாக் கதை என்று நினைக்க வேண்டாம். 2015 டிசெம்பர் 20, கொழும்பில் என்ரிக்கே இக்லேசியஸ் பாடிய நிகழ்ச்சி ஞாபகம் இருக்கா? எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது அதற்குப் பிறகு வந்த திருக்கை வால்தான். மேடையில் ரசிகைகள் நடந்துகொண்ட விதம் பிடிக்காமல், ஏற்பாட்டாளர்களைத் திருக்கை வாலால் அடிக்க வேண்டும் என்று அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பேசினார். அது உலகச் செய்தியானது. நிகழ்ச்சி பிந்தித் தொடங்கியது, விலைகூடிய டிக்கெட் வாங்கிப் போனவர்கள் ஒழுங்குகளைப் பற்றிக் குறைப்பட்டது, ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டது, இவையெல்லாம் அந்தப் பகிடிக்குள் அமுங்கிப் போயின. கலாசாரம் கெட்டுப்போச்சு என்று கதைக்க எங்கட நாட்டில் எப்பவும் ஆள் இருக்கும். காசு குடுத்தவருக்குக் குடுத்த காசுக்கு ஏற்ற இடம் கிடைச்சதா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 2024 பெப்ரவரி 9, முற்றவெளி, ஹரிஹரன். காசு குடுத்தவர்களுக்குக் கதிரை, மற்றவர்களுக்கு இலவசமாக நிற்க இடம் என்று பிரித்திருந்தார்கள். சனம் எதிர்பார்த்ததை விட எக்கச்சக்கமாக வந்தது. தடுப்புகள் விழுந்தன, நிகழ்ச்சி இடையில் நின்றது. காசு குடுத்தவரும் குடுக்காதவரும் ஒரே கூட்டமாகிப் போனார்கள். அடுத்த ஒரு கிழமை "யாழ்ப்பாணத்தாருக்குப் பண்பு இல்லை" என்று ஒரு பகுதி, "ஏற்பாடு சரியில்லை" என்று இன்னொரு பகுதி. என்னைக் கேட்டால், இவ்வளவு காலம் இப்பிடியான ஒரு மேடையைக் காணாத சனத்துக்கு நடுவில் ஒரு தடுப்பை மட்டும் நம்பி விலைகூடிய கதிரை விற்பதே யோசிக்க வேண்டிய விசயம். அந்தக் கதிரையை ஒரு மாதம் முந்தி வாங்கியிருந்தாலும், அன்று பின்னேரம் வாங்கியிருந்தாலும், தடுப்பு விழுந்தபோது அது ஒரே கதிரைதான்.

இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். எங்கட நாட்டில் மூன்று மாதம் என்பது நீண்ட காலம். 2019 ஏப்ரலில் குண்டுகள் வெடித்தன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. 2022இல் பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை, டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஓடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். இதில் ஒன்றையும் போஸ்டர் அடிக்கும்போது எந்த ஏற்பாட்டாளரும் கண்டிருக்க முடியாது. அது அவரின் பிழையும் இல்லை. ஆனால் அப்பிடி ஏதும் நடந்தால் காசு ஆருக்குத் திரும்பும், எத்தனை நாளில் திரும்பும் என்று எழுதி வைப்பது அவரின் கடமை. அந்த ஒரு வசனம் இல்லாத போஸ்டருக்கு நான் முந்திக் காசு கட்டமாட்டேன், பாடப் போவது ஆராக இருந்தாலும்.

அப்ப எல்லாத்துக்கும் பொறுத்திருக்கலாம் என்கிறீரா என்று கேட்பீர்கள். இல்லை. பொறுத்திருப்பது எல்லாராலும் ஏலாது.

கொழும்பில் இருக்கிற ஒரு பெடியன் சனிக்கிழமை நாலு மணிக்கு யோசித்து, அஞ்சு மணிக்கு டிக்கெட் எடுத்து, ஆறரைக்கு மைதானத்தில் நிற்கலாம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்து போகிறவருக்கு டிக்கெட் என்பது மொத்தச் செலவில் ஒரு துண்டு மட்டும்தான். போக வர இரவு பஸ், சாப்பாடு, தங்குமிடம், வேலைக்கு லீவு எல்லாம் இருக்கு. எல்லாம் சேர்த்து 10,000 ஆகிறது என்றால், அதில் 1,500 ரூபா கழிவுக்காக அவசரப்படுவதில் அர்த்தமில்லை. நிகழ்ச்சி கடைசி நேரத்தில் நின்றால் டிக்கெட் காசு திரும்பினாலும் மிச்சக் காசு திரும்பாது.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் சிக்கல். ஆரோடு போகிறது, எங்கே தங்குகிறது, எத்தனை மணிக்கு முடியும், முடிந்த பிறகு எப்பிடித் திரும்புகிறது. இவ்வளவுக்கும் விடை வைத்துக்கொண்டுதான் வீட்டில் வாயே திறக்கலாம். "அன்றைக்குப் பாப்பம்" என்ற சொல் அவர்களுக்குக் கிடையாது. ஒரு மாதத்துக்கு முன்பே முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆகவே நேரம் பிந்தித் தொடங்கும் நிகழ்ச்சியாலும், கடைசிக் கிழமையில் இடம் மாறும் நிகழ்ச்சியாலும் கூடுதலாக அடிபடுவதும் அவர்கள்தான். பொறுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம் என்று சொல்லும் எங்களில் கனபேர், பொறுத்துப் பார்க்க வசதி உள்ளவர்கள். இதை மறந்துவிட்டு அறிவுரை சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அதனால் நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: பெரிய நிகழ்ச்சிக்குப் பொறுக்கலாம், சின்ன நிகழ்ச்சிக்கு முந்த வேண்டும். நாங்கள் செய்வது நேர் எதிர்.

தென்னிந்தியாவிலிருந்து ஒரு நட்சத்திரம் வருகிறது என்றால் முதல் நாளே காசு கட்டுகிறோம். அவர் ஆரென்று தெரியும், கொண்டு வருகிறவர் ஆரென்று தெரியாது. அதே நேரம் எங்கட ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து வீரசிங்கம் மண்டபத்திலோ, கொழும்புத் தமிழ்ச் சங்கத்திலோ ஒரு நிகழ்ச்சி வைத்தால், "கட்டாயம் வாறன் மச்சான்" என்று மட்டும் சொல்லி, வாசலில் டிக்கெட் எடுக்கலாம் என்று இருந்துவிடுகிறோம். இன்னும் சிலர் "பாஸ் ஒண்டு எடுத்து வையன்" என்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 250 கதிரை மண்டபம். மண்டப வாடகை, ஒலி ஒளி, வாத்தியக்காரருக்கான கொடுப்பனவு, போக்குவரத்து, கேளிக்கை வரி எல்லாம் சேர்த்து 3 இலட்சம் செலவு என்று வைப்போம். டிக்கெட் 1,500 ரூபா. 200 டிக்கெட் போனால்தான் செலவு சரி. பத்து நாளைக்கு முன் 35 டிக்கெட்தான் போயிருக்கிறது. கையில் 52,500 ரூபா. அன்றைக்குத்தான் ஒலிக்காரருக்கும் மண்டபத்துக்கும் மிச்ச முற்பணம் கட்ட வேண்டும். வாசலில் வந்து எடுப்போம் என்று நினைத்திருக்கும் 170 பேர் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஏற்பாட்டாளரின் பக்கத்தில் இருந்து பார்த்தால், வாசலில் எடுக்கப் போகிறவரும் வரவே போகாதவரும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். அவர் என்ன செய்வார்? ஒலியைக் குறைப்பார், டிரம்ஸை விட்டுவிட்டு ஒரு பாட் வைப்பார், இல்லையென்றால் "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று ஒரு போஸ்ட் போடுவார். பெரிய நிகழ்ச்சியை உங்கட டிக்கெட் நடத்துவதில்லை. அதற்குப் பின்னால் அனுசரணையாளரும் வங்கியும் தொலைபேசிக் கம்பனியும் இருக்கும். சின்ன நிகழ்ச்சியில் பத்துப் பேர் முந்தி வாங்கினால் அது நடக்கும், வாங்காவிட்டால் நடக்காது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வேர் இருக்கிறது. எங்களில் கனபேர் மேடையில் முதலில் பாட்டுக் கேட்டது கோயில் திருவிழாவில். மேளச் சமாவோ, இசைக்குழுவோ, நாடகமோ, எதற்கும் டிக்கெட் இருக்கவில்லை. பாயைக் கொண்டுபோய் விரித்தால் சரி. ஆனால் அது ஒருநாளும் இலவசமாக நடக்கவில்லை. அன்றைய திருவிழாவின் உபயகாரர் முந்தியே காசு கட்டியிருந்தார். சனம் வருமா, மழை பெய்யுமா என்று பாராமல் அவர் கட்டினார். ஆகவேதான் நாங்கள் மண்ணில் படுத்திருந்து விடியும் வரை பார்க்க முடிந்தது. மண்டபத்துக்குள் நடக்கிற இன்றைய நிகழ்ச்சிக்கு அப்பிடி ஒரு உபயகாரர் இல்லை. முந்தி டிக்கெட் எடுக்கிற நூறு பேரும் சேர்ந்துதான் அந்த உபயகாரர். வந்தால் பாப்பம் என்று நாங்கள் எல்லாரும் பாயோடு மட்டும் போனால், மேடைச் செலவை ஆர் குடுக்கிறது?

பெரிய நிகழ்ச்சிக்கு முந்தி வாங்கத்தான் வேண்டும் என்றால், "ஆர் பிடிக்கிறது?" என்ற கேள்வியை விடாமல் கேளுங்கள். போஸ்டரில் ஏற்பாட்டாளரின் பெயரும் முகவரியும் இருக்கா? இதற்கு முதல் என்ன செய்திருக்கிறார்கள், அதற்குப் போனவர்கள் என்ன சொல்கிறார்கள்? மண்டபத்துக்கே ஒரு கோல் எடுத்து, அந்தத் திகதிக்கு உண்மையாகப் பதிந்திருக்கிறார்களா என்று கேட்டால் இரண்டு நிமிசம்தான் செலவு. காசு எப்பிடிக் கட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். ஒரு தனி ஆளின் வங்கிக் கணக்குக்குக் காசு போட்டு, சிலிப்பை வட்ஸ்அப்பில் அனுப்பி, "ஓகே டியர், கன்போர்ம்" என்று ஒரு பதில் வாங்குவதற்குப் பெயர் டிக்கெட் இல்லை. டிக்கெட் தளம் ஒன்றில் கார்ட்டால் கட்டினால், நிகழ்ச்சி நடக்காதபோது வங்கியிடம் போய் முறையிட ஒரு வழியாவது இருக்கும். நிபந்தனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், ஏனென்றால் அந்தப் பக்கம் பிறகு மாறலாம். பிரச்சினை வந்தால் பேஸ்புக்கில் திட்டுவதோடு நிற்காமல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கும் அறிவியுங்கள். முறைப்பாடு எழுத்தில் இருக்கட்டும். காசு குடுத்தவனுக்கும் உரிமை இருக்கு என்று நாங்கள் காட்டாத வரைக்கும் ஏற்பாட்டாளருக்கு அது தெரியப் போவதில்லை.

ஏற்பாடு செய்கிற தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. "முதல் 100 பேருக்கு மட்டும்" என்று பயம் காட்டி விற்பதை விட, "நிகழ்ச்சி நின்றால் 14 நாளில் காசு திரும்பும், வரமுடியாவிட்டால் டிக்கெட்டை இன்னொருவருக்கு மாற்றலாம், ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடிப்போம்" என்று மூன்று வரி எழுதிப் பாருங்கள். அந்த மூன்று வரியைக் காப்பாற்றினால் அடுத்த முறை ஏர்லி பேர்டுக்குக் கழிவே தேவைப்படாது. தொடங்கும் நேரத்தைச் சொன்ன நேரத்துக்குத் தொடங்கினால், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஒரு பிள்ளை அடுத்த முறையும் வருவாள், கூட இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு.

இந்த மாதம் உங்களிடம் 5,000 ரூபா இருக்கிறது என்று வையுங்கள். பெரிய மேடை இன்னும் இரண்டு மாதத்தில், சின்ன மண்டபம் இன்னும் மூன்று கிழமையில். சின்னதுக்கு இன்றைக்கே எடுங்கள், முடிந்தால் இரண்டாக எடுத்து ஒரு சிநேகிதரையும் இழுத்துக்கொண்டு போங்கள். பெரியதுக்கு அந்த மூன்று வரி போஸ்டரில் வரும் வரைக்கும் மிச்சக் காசு உங்கட பொக்கற்றிலேயே இருக்கட்டும்.